ரெட்டை பிரேக்கின் பாட்டுக்கடை

வண்டிக்குள் இருக்கும்போது டீச்சரம்மா போனைத் தொட மாட்டாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வைத்திருக்கும் சட்டம் அது. படிக்க வருகிறவர்களின் போனையும் வாங்கிப் பின்சீட்டில் போட்டுவிடுவாள். மந்திரியே வந்தாலும் அதே கதிதான். அப்பேர்ப்பட்டவள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், பக்கத்தில் ஒரு பல் டாக்டர் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருக்க, மடியில் போனை வைத்து முறைத்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் அந்தத் திரையில் அவளுக்கும் அவள் அக்காவுக்கும் சொந்தமான பாட்டுக்கடை இருந்தது. ஏழு பாட்டு, ஒரு படம், அடியில் 'வாங்க' என்று ஒரு பொத்தான். இப்போது எல்லாம் போய் ஒரு சாம்பல் நிறக் கட்டம் மட்டும் நின்றது. 'இந்தப் பாடல்கள் வேறொருவருக்குச் சொந்தமானவை எனத் தெரிகிறது. விற்பனை நிறுத்தப்பட்டுள்ளது.'

"டீச்சர்... லாரி..." என்று டாக்டர் முனகினார்.

அந்த முனகல் காதில் முழுசாக விழுவதற்குள் அவளுடைய கால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டது. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அன்றைக்கு அது மட்டும் இல்லாவிட்டால் லாரியின் பின்புறம் அவர்கள் மடிக்கு வந்திருக்கும்.

"எங்க பாக்குறீங்க? ரோட்டைப் பாருங்க!" என்று அதட்டினாள்.

"நான் ரோட்டைத்தான் பாத்துட்டு இருந்தேன், டீச்சர்" என்றார் அந்த மனுஷர், பாவம்.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். மறுநாள் காலையில் அவள் அக்காவுக்குக் கழுத்தில் ஆபரேஷன். அதற்குள் முன்பின் தெரியாத ஓர் ஆளாவது அந்தக் கடையில் அக்காவின் பாட்டை வாங்க வேண்டும். அக்கா இந்த உலகத்தில் வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம் அது. கடையே இல்லையென்றால் எவன் வந்து வாங்குவான்?

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு சுழல் நாற்காலி. எந்தப் பஸ் எந்த நடைமேடை, எது தாமதம், எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது, எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியும். தினமும் எத்தனையோ ஆயிரம் காதில் விழுகிற குரல். ஆனால் ரிட்டயர் ஆகப் போகிற வயதுவரைக்கும் ஒருத்தர்கூடப் படியேறி வந்து, "பேசுறது யாரும்மா?" என்று கேட்டதில்லை. ஏறி வந்தவர்கள் எல்லாம் சண்டைக்கு வந்தவர்கள்தான், அதுவும் பஸ் லேட்டான கோபத்தில்.

தங்கை மெட்டுப் போடுவாள், அக்கா பாடுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பதிவு செய்ய ஸ்டூடியோவுக்கெல்லாம் அவர்கள் போகவில்லை. பயிற்சிப் பள்ளியின் அடித்தளத்தில் வண்டிகளை நிறுத்தும் இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஈ காக்கா இருக்காது. வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் சீட்டுத் துணி சத்தத்தை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். குரல் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி விழும். அக்கா ஓட்டுநர் சீட்டில். டீச்சரம்மா பக்கத்து சீட்டில், மடியில் சின்ன கீபோர்டு. ஏசி போட்டால் இரைச்சல் வரும் என்று அதையும் அணைத்துவிட்டு இரண்டு பேரும் தொப்பலாக நனைவார்கள்.

மூன்றாவது பாட்டில் அக்கா உருகிப் பாடும்போது அவள் கை இண்டிகேட்டர் குச்சியில் பட்டுவிட்டது. டிக், டிக், டிக் என்று அது ஆரம்பித்தது. அதிசயம், தாளத்துக்குச் சரியாக உட்கார்ந்தது. "நிறுத்தாதடி, நல்லா இருக்கு" என்று அக்கா கையைக் காட்டினாள். அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். குழுவுக்கு 'ரெட்டை பிரேக்' என்று பேர் வைத்ததும் அக்காதான். "நான் ஓட ஆரம்பிச்சா நீ பிரேக் போடுவ, நீ ஓடினா நான் போடுவேன், வேற என்ன பேரு வைக்கிறது?" என்றாள்.

அப்புறம்தான் கழுத்தில் கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும். குரல் நரம்பு அதை ஒட்டிக்கொண்டு போகிறது என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாள். குரல் பழையபடியே இருக்கலாம், கரகரப்பாகலாம், மேலே ஏறாமலும் போகலாம். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து, "பாட்டை எங்கயாவது போட்டுடுடி. இந்தக் குரல் என்கிட்ட இருக்கும்போதே போட்டுடு" என்றாள்.

எங்கே போடுவது? பாட்டை எழுதிவிடலாம், பாடிவிடலாம், எங்கே கொண்டுபோய் விற்பது என்று முடிவு செய்வதற்குள் மனுஷனுக்கு மண்டை காய்ந்துவிடும். ஒவ்வொரு தளமும் தான்தான் இசைக்கலைஞர்களுக்கு உயிர்த்தோழன் என்று சத்தியம் செய்கிறது. ஒன்று, பாட்டை வாங்கி எல்லாப் பெரிய ஆப்களுக்கும் அனுப்பி வைக்கிற கம்பெனி. அங்கே போனால் உலகமே கேட்கும், ஆனால் யாரும் வாங்க மாட்டார்கள், கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இன்னொன்று, நாமே கடை விரிக்கிற தளம். அங்கே வருகிறவர் பாட்டை வாங்கித் தன்னோடு எடுத்துக்கொண்டு போகலாம், விற்றவருக்கு ஒரு வரி எழுதியும் வைக்கலாம். ஆனால் அந்தச் சந்துக்குள் ஆள் நடமாட்டம் கம்மி.

டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். பொறுமைசாலி, நல்ல மனுஷர். பெண்டாட்டி இரண்டு வாரமாக இதா அதா என்று புலம்புவதைக் கேட்டுவிட்டு, "நீ கிளாஸுக்குப் போ, நான் பாத்துக்கறேன்" என்று பழைய டேப்லெட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த அனுப்பி வைக்கிற கம்பெனியில் ஏழு பாட்டையும் ஏற்றிவிட்டார். கேட்ட இடத்திலெல்லாம் சரி, சரி என்று தட்டிவிட்டார். எல்லோரும் செய்வதுதானே, அதையெல்லாம் படித்துப் பார்த்தவர் யார்?

சில நாளில் பாட்டு எல்லா ஆப்பிலும் வந்துவிட்டது. எண்ணிக்கை ஏறியது. டீச்சரம்மா அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா! ஆயிரத்துச் சொச்சம் பேர் கேட்டிருக்காங்கக்கா!"

"யாரு?"

"யாருன்னா... ஆயிரம் பேர்."

"அதான் யாருன்னு கேக்குறேன். எந்த ஊரு, என்ன வேலை, எதுக்குக் கேட்டாங்க?"

"அதெல்லாம் காட்டாதுக்கா. நம்பர் மட்டும்தான் வரும்."

அக்கா சிரித்தாள், ஆனால் முகம் வாடிவிட்டது. "அதான் எனக்கு பஸ் ஸ்டாண்டுலயே இருக்கேடி. காதுல விழுந்தவங்க வேண்டாம். கேட்டவங்க யாராச்சும் ஒருத்தரைக் காட்டு. ஒரே ஒருத்தர் போதும். நம்ம ஆளுங்க யாரும் வாங்கக் கூடாது, உன் வீட்டுக்காரர் கடைப் பசங்களும் கூடாது, சொல்லிட்டேன்."

அப்படித்தான் ஆபரேஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது டீச்சரம்மா தானே உட்கார்ந்து கடையைத் திறந்தாள். நான்கு நாளில் மூன்று ஓடிவிட்டது, ஓர் ஈகூட வரவில்லை. நான்காம் நாள் கடையையே காணோம்.

பல் டாக்டரை இறக்கிவிட்டு, அடித்தளத்தில் வண்டியை நிறுத்தி, அவள் அந்தச் சாம்பல் கட்டத்தைத் தட்டினாள். புகார் கொடுத்த ஆளின் பேர் வந்தது: 'அடித்தளம் இசை நிறுவனம்'. அவளுக்கு ரத்தம் கொதித்தது. எவனோ ஒரு கம்பெனிக்காரன் தன் அக்காவின் குரலைத் தன்னுடையது என்கிறான்! கீழே, 'உரிமையாளருக்கு எழுதுக' என்று ஒரு பெட்டி. சும்மா விடுவாளா? வெளுத்து வாங்கிவிட்டாள். வெட்கம் மானம் இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்குப் போகிற பொம்பளையின் பாட்டைத் திருடி வயிறு வளர்க்கிறாயே, உன் வீட்டில் அக்கா தங்கை இல்லையா, போலீசுக்குப் போவேன், கோர்ட்டுக்குப் போவேன், நீ எந்தப் பொந்தில் இருந்தாலும் வந்து இழுப்பேன் என்று எழுதி அனுப்பினாள். பேர் எழுதச் சொன்ன இடத்தில் 'பாட்டின் சொந்தக்காரி' என்று மட்டும் போட்டாள்.

மதியம் அக்கா கண்ணாடி அறையிலிருந்து கூப்பிட்டாள். "யாராச்சும் வந்தாங்களா?"

"பாக்குறேன்கா."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? வந்தா வந்தாங்க, வரலைன்னா வரலை."

"வண்டியில இருக்கேன்கா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தாள். வண்டி நின்றுகொண்டிருந்தது. அக்காவிடம் சொன்னது பொய்.

விடிகாலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் வேலை முடிந்ததும் அக்கா பையோடு நேரே தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். பையை வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாளோ இல்லையோ, வீட்டுக்காரர் டேப்லெட்டைக் கையில் பிடித்தபடி உள்ளறையிலிருந்து வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா, ஒரு நிமிஷம் வா. நம்மளை யாரோ ஒரு பொம்பளை கண்டபடி திட்டி எழுதியிருக்கா. போலீசுக்குப் போவாளாம். பொந்துல இருந்து இழுப்பாளாம். நாம என்னம்மா தப்பு பண்ணோம்?"

டீச்சரம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. "எந்தப் பொந்து?"

"இதோ பாரு. 'உன் வீட்டில் அக்கா தங்கை இல்லையா'ன்னு கேக்குறா."

அவள் டேப்லெட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். தன் வார்த்தைகள், ஒன்றுவிடாமல். "அடித்தளம் இசை நிறுவனம்ங்கிறது யாருங்க?" என்றாள் மெதுவாக.

"நாமதான். கம்பெனி பேர் போடாம உள்ள விடமாட்டேன்னுச்சு. நீங்க அடித்தளத்துல பாடினீங்களேன்னு அதைப் போட்டேன். பாட்டைத் திருடு போகாம காவல் காக்கட்டுமான்னு கேட்டுச்சு, காக்கட்டும்னு தட்டினேன்."

அது காத்தது. நன்றாகவே காத்தது. அவர் வைத்த காவல்காரன் அவர் பெண்டாட்டியையே திருடி என்று பிடித்துக் கொடுத்துவிட்டான்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "அப்ப கடை மூடிக் கிடக்கு. அதைத்தான் மத்தியானம் என்கிட்ட மறைச்சியா?" என்றாள். டீச்சரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மூவரும் டேப்லெட்டின் முன் உட்கார்ந்து படித்தார்கள். அதைவிட மோசமான செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் சரி சரி என்று தட்டியதில், இங்கே இருக்கும்வரை வேறெங்கும் விற்க மாட்டோம் என்பதற்கும் சரி சொல்லியிருந்தார். கடை திறக்க வேண்டுமென்றால் பாட்டுகளை அந்தக் கம்பெனியிலிருந்து மொத்தமாக எடுக்க வேண்டும். எடுத்தால் எல்லா ஆப்பிலிருந்தும் போய்விடும், அந்த ஆயிரத்துச் சொச்சமும் அழிந்துவிடும். மறுபடி போட்டாலும் பூஜ்யத்திலிருந்துதான்.

"அவசரப்படாத" என்றார் வீட்டுக்காரர். "தப்பு என்னோடதுதான். ஆனா யோசிச்சுப் பாரு. அங்க ஆயிரம் பேர் கேட்டிருக்காங்க. இங்க ஒரு ஆள் வரலை. நாளைக்கு அக்காவுக்குக் குரல் எப்படி இருக்குமோ, யாருக்குத் தெரியும்? இந்தக் குரலை இருக்கிற இடத்துலயே விட்டு வைக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கோபத்தைக் கிளப்பியது. டீச்சரம்மா அக்காவைப் பார்த்தாள். "நீ சொல்லுக்கா."

"நான் சொல்ல மாட்டேன். நான் என்ன சொன்னாலும் அது என் ஆசை. உனக்கும் அதுல பாதி இருக்கு, மெட்டு உன்னோடது." அக்கா பெருமூச்சு விட்டாள். "இன்னிக்கு ஸ்டியரிங் என் கையில இல்லடி. பிரேக் உன் பக்கம்."

'உரிமையை விட்டுக்கொடுத்து நீக்குக' என்று திரை சொன்னது. அந்தச் சனியன் பிடித்த பொத்தானை எழுதியவன் கொஞ்சம் நல்ல வார்த்தையாகப் போட்டிருக்கக் கூடாதா! விட்டுக்கொடுத்தால் பாட்டே கைவிட்டுப் போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாகிவிட்டது. அந்த ஆயிரத்தில் ஒரு முகத்தையாவது நினைத்துப் பார்க்க முயன்றாள். ஒன்றும் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டாள். 'நிச்சயமாகவா?' என்று அது மறுபடி கேட்டது. "ஆமாடா!" என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு தட்டு தட்டினாள்.

கடை உடனே திறக்கவில்லை. சரிபார்க்கிறோம் என்றது. மறுநாள் ஆஸ்பத்திரிக் கூடத்தில், பச்சை அங்கி போட்டு அக்காவை உட்கார வைத்திருந்தபோதுதான் சாம்பல் கட்டம் போய் ஏழு பாட்டும் திரும்பி வந்தன. அடியில் 'வாங்கியவர்கள்: இல்லை' என்றிருந்தது.

நர்ஸ் தள்ளுநாற்காலியைக் கொண்டு வந்தாள். அக்கா அதில் உட்காரும்போது கேட்டாள், "கடை திறந்துச்சா?"

"திறந்துச்சுக்கா."

"யாராச்சும்?"

ஒரு பொய் சொன்னால் என்ன? அக்கா சந்தோஷமாக உள்ளே போவாள். ஒரு டீக்கடைக்காரர், ஒரு டெய்லர், யாரையாவது சொல்லிவிடலாம். வீட்டுக்காரர் கண்ணைக் காட்டிக் கெஞ்சினார். நுனி நாக்குவரை வந்துவிட்டது.

"இல்லக்கா. இன்னும் யாரும் வரலை."

அக்கா அவள் கன்னத்தைத் தட்டினாள். "சரி. வந்தா சொல்லு" என்றாள், அந்தத் தெளிவான பஸ் நிலையக் குரலில். கதவு மூடிக்கொண்டது. தங்கை அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள்.

மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன கொடுமை என்று. வீட்டுக்காரர் காபி வாங்கி வந்தார், அது ஆறி ஆடை கட்டியது. டீச்சரம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பார்க்கத் தைரியம் இல்லை. இனிமேல் வந்துதான் என்ன, அக்கா உள்ளே போன பிறகு? போன் அதிர்ந்தபோதுகூட, பயிற்சிக்கு வருகிற யாரோ நேரம் கேட்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்து தொப்பியைக் கழற்றினாள். கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது, நரம்பைத் தொடவில்லை என்றாள். "ஆனா அவங்க பேசினாத்தான் நிச்சயமாத் தெரியும். மயக்கம் நல்லாத் தெளிஞ்சிருக்கு. பேச மாட்டேங்குறாங்க. நீங்க வந்து பேச வைங்க."

அக்கா கழுத்தில் கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "பேரைச் சொல்லுங்கம்மா" என்று நர்ஸ் கொஞ்சினாள். தலை மட்டும் ஆடியது, மாட்டேன் என்று. "வலிக்குதா? தண்ணி வேணுமா? 'ஆ'ன்னு சொன்னாப் போதும்மா." உதடு இறுகிக் கிடந்தது.

டீச்சரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காதவரைக்கும் பழைய குரல் உள்ளே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கலாம். திறந்தால் தெரிந்துவிடும். அக்காவுக்குப் பயம். ஊரையே கூப்பிடுகிறவளுக்குத் தன் குரலைக் கேட்கப் பயம்.

"அக்கா, ஒரு வார்த்தை பேசுக்கா. எனக்காக." மாட்டாள். "பிடிவாதத்துக்கு ஒரு அளவு இல்லையா? இத்தனை பேர் நிக்கிறாங்க!" அதற்கும் அசையவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தபோது போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா. ஒருத்தர் வாங்கியிருக்காரு. நீ உள்ள இருக்கும்போதே வாங்கிட்டாரு, நான்தான் பாக்கலை. எழுதியும் இருக்காரு." உரக்கப் படித்தாள். "'நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். மேலே தனியாக உட்கார்ந்து கேட்கப் பாட்டுத் தேடினேன், கிடைத்தது. மூன்றாவது பாட்டை இன்று எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அதில் டிக் டிக் என்று வருகிறதே, அது என்ன வாத்தியம்?'"

நம் ஆட்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அது என்ன சத்தம் என்று நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும்.

அக்கா சுவரிலிருந்து திரும்பினாள். கண் அகல விரிந்தது. கட்டையும் மறந்தாள், பயத்தையும் மறந்தாள்.

"யாரு?"

கரகரவென்று, பாதி காற்றாக, பாதி குரலாக வந்தது. பஸ் நிலையத்துக் குரல் இல்லை. ஆனால் குரல்தான். டாக்டரம்மா மூச்சை விட்டாள், நர்ஸ் கைதட்டினாள், வாசலில் நின்ற வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அக்கா எதையும் கவனிக்கவில்லை. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கினாள். "யாருடி? சொல்லு, யாரு?"

தங்கை அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு, போனை அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இன்னும் படிக்காமல் விட்டிருந்த கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

'இன்னொன்று. பாடுகிறவர் பேரைக் காணோமே, அந்த அம்மா யார்?'